எம்பிபிஎஸ் மருத்துவரை அவசர அறுவை சிகிச்சைக்குத் தயார்படுத்துவது எப்படி? சிறிய மருத்துவமனைகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

மத்திய அரசின் 2021-22 ஊரக சுகாதாரப் புள்ளிவிவரத்தைப் பார்த்தால், நாட்டின் சமுதாய சுகாதார நிலையங்களுக்குத் தேவையான அறுவை சிகிச்சை நிபுணர்களில் 83 சதவீதம் பேர் இல்லை. மகப்பேறு நிபுணர்களில் 74 சதவீதம் பேர் இல்லை. தமிழ்நாட்டில் மருத்துவக் கல்லூரிகளும் சீமாங்க் மையங்களும் (அவசர மகப்பேறு, பச்சிளங்குழந்தை சிகிச்சை மையங்கள்) பரவலாக இருப்பதால் இதன் வலி நமக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. சத்தீஸ்கரிலோ ஒடிசாவிலோ ஒரு மலைக்கிராமத்தில் குழந்தை குறுக்கே கிடக்கிறது என்றால், கத்தி வைக்கத் தெரிந்தவர் நான்கு மணி நேரத் தொலைவில் இருப்பார்.

நிபுணர் வரும்வரை காத்திருக்க முடியாது என்று பல நாடுகள் எப்போதோ முடிவெடுத்துவிட்டன. மொசாம்பிக் 1984-லேயே மருத்துவர் அல்லாத சுகாதாரப் பணியாளர்களுக்கு மூன்றாண்டு அறுவை சிகிச்சைப் பயிற்சியைத் தொடங்கியது. எத்தியோப்பியா 2009-லும் சியரா லியோன் 2011-லும் இதே வழியில் இறங்கின. இந்தியாவோ இருக்கிற எம்பிபிஎஸ் மருத்துவர்களையே பழக்கலாம் என்று முடிவு செய்தது. அவசர மகப்பேறு சிகிச்சைக்கு 16 வாரம், உயிர்காக்கும் மயக்க மருந்துக்கு 18 வாரம் என்று பயிற்சிகள் வந்தன.

பயிற்சி நன்றாகவே நடந்தது. ஆனால் அதை முடித்தவர்களில் பலர் ஊருக்குத் திரும்பி ஒரு சிசேரியன்கூடச் செய்யவில்லை. அறுவை கற்றவர் ஒரு மருத்துவமனையில், மயக்க மருந்து கற்றவர் வேறொரு மருத்துவமனையில். இரண்டு பேரும் ஒரே இடத்தில் இருந்தால் அங்கே ரத்தம் இருக்காது. அதனால் இந்த வழிகாட்டி "யாரைப் பழக்குவது" என்ற கேள்வியில் தொடங்கவில்லை. பழகியவர் வேலை செய்யப்போகும் இடத்திலிருந்து தொடங்குகிறது.

படி 1: முதலில் தியேட்டரைப் பாருங்கள்

ஆளை அனுப்புவதற்கு முன்னால் அவர் திரும்பி வரப்போகும் ஆபரேஷன் தியேட்டரில் ஒரு நாள் செலவிடுங்கள். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு "இருக்கு, இருக்கு" என்று டிக் அடிப்பதில் பயனில்லை. ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

மெயின் ஸ்விட்சை வேண்டுமென்றே அணைத்துப் பாருங்கள். ஜெனரேட்டர் தானாக எடுக்கிறதா, அல்லது சாவி வைத்திருப்பவரைத் தேடி ஓட வேண்டுமா? அந்த இடைவெளியில் மேசை விளக்கு பேட்டரியில் எரிகிறதா? ரத்தத்தை உறிஞ்சி எடுக்கும் மின்சார சக்ஷன் நின்றதும் மிதித்து இயக்கும் சக்ஷன் கைக்கு எட்டுகிறதா? எட்டினால் அதை மிதித்துப் பாருங்கள். பல இடங்களில் அதன் ரப்பர் குழாய் வெடித்துப்போய், யாரும் கவனிக்காமல் கிடக்கும். கர்ப்பப்பையைத் திறந்த நிமிடத்தில் பனிக்குட நீரும் ரத்தமும் சேர்ந்து பொங்கும்போது சக்ஷன் இல்லையென்றால், எவ்வளவு கைதேர்ந்தவரும் குருடராகத்தான் நிற்பார்.

ஆக்சிஜனுக்கு, காற்றிலிருந்து அதைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர் மட்டும் போதாது. கரெண்ட் போனால் அதுவும் போய்விடும். பக்கத்தில் நிறைந்த சிலிண்டர் ஒன்றும், அதைத் திறக்கும் சாவி அதன் கழுத்திலேயே கட்டப்பட்டும் இருக்கட்டும். பல்ஸ் ஆக்சிமீட்டர், பெரியவருக்கும் பச்சிளம் குழந்தைக்கும் தனித்தனி ஆம்பு பேக் (கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பை), கருவிகளைக் கிருமிநீக்க வேலை செய்யும் ஆட்டோகிளேவ், இரண்டு சிசேரியன் செட் ஆகியவை கட்டாயம். ஒரு செட் ஆட்டோகிளேவில் இருக்கும்போதுதான் அடுத்த கேஸ் வரும்.

கடைசியாக ரத்தம். அருகில் ரத்த சேமிப்பு மையம் உண்டா, இரவில் அதைத் திறக்கும் டெக்னீஷியன் யார், ஓ நெகட்டிவ் எத்தனை யூனிட் வைத்திருப்பார்கள் என்று கேளுங்கள். இதற்குத் தெளிவான பதில் கிடைக்காத இடத்துக்கு ஆளைப் பயிற்றுவிக்க வேண்டாம். முதலில் ரத்தத்துக்கு வழி செய்யுங்கள்.

படி 2: எதைக் கற்றுக்கொடுப்பது, எதைத் தொடக்கூடாது

உலகளாவிய அறுவை சிகிச்சை பற்றிய லான்செட் ஆணையம் 2015-ல் மூன்று அறுவை சிகிச்சைகளை அளவுகோலாக வைத்தது: சிசேரியன், வயிற்றைத் திறந்து செய்யும் லேப்பரோட்டமி, எலும்பு வெளியே தெரியும் திறந்த முறிவுக்கான சிகிச்சை. இந்த மூன்றையும் செய்ய முடிந்த மருத்துவமனை மற்ற அடிப்படை அறுவைகளையும் செய்யும் நிலையில் இருக்கும் என்பது கணக்கு. மக்கள் இரண்டு மணி நேரத்துக்குள் அங்கே சென்று சேர முடிய வேண்டும் என்பதும் அதே அறிக்கையின் இலக்கு.

அளவுகோல் நல்லதுதான். அதற்காக மூன்றையும் ஒரே மூச்சில் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. என் வரிசை இது: முதலில் சிசேரியனும் அதைச் சுற்றியுள்ளவையும். அதாவது பிரசவத்துக்குப் பின் வரும் ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்துவது, கையால் நஞ்சுக்கொடியை எடுப்பது, வெடித்த கர்ப்பப்பையைத் தைப்பது, குழாய்க் கர்ப்பம் வெடித்து வருபவரின் வயிற்றைத் திறந்து ரத்தக் குழாயைப் பிடிப்பது. அப்புறம் காயமும் எலும்பும்: சுத்தமாகக் கழுவுவது, செத்த சதையை வெட்டி எடுப்பது, ஆன்டிபயாடிக்கைத் தாமதிக்காமல் போடுவது, டெட்டனஸ் ஊசி, சிம்பு வைத்துக் கட்டுவது. திறந்த முறிவின் காயத்தை அன்றே தைத்து மூடாமல் விடுவதுதான் இதில் கற்க வேண்டிய முக்கியமான விஷயம். மூடிவிட வேண்டும் என்று கை துடிக்கும். குடல் லேப்பரோட்டமியை முதல் ஆண்டில் வைக்காதீர்கள். சிசேரியன் கை நன்றாகப் பழகிய பிறகு, அல்சர் ஓட்டையை ஒமென்டம் (குடலை மூடியிருக்கும் கொழுப்புத் திரை) வைத்து அடைப்பதிலிருந்து தொடங்கலாம்.

இதோடு ஒரு சிவப்புப் பட்டியலும் வேண்டும். ஏற்கெனவே சிசேரியன் ஆனவருக்கு நஞ்சுக்கொடி கீழே, பழைய தழும்பின் மேல் இருப்பது. மூன்று நான்கு முறை வயிறு திறக்கப்பட்டவர். பிளேட்லெட் மிகக் குறைந்தவர். இதய வால்வு நோய் உள்ளவர். இப்படிப்பட்டவர்கள் கர்ப்பகாலத்திலேயே அடையாளம் காணப்பட்டுப் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். பட்டியலைத் தமிழிலோ அந்த ஊர் மொழியிலோ எழுதி லேபர் வார்டு சுவரில் ஒட்டுங்கள். ரெஃபர் செய்வதை அவமானமாக நினைக்கும் இளம் மருத்துவருக்கு அந்தத் தாள் ஒரு துணை.

படி 3: குழுவாகத் தேர்ந்தெடுங்கள்

அறுவைக்கு ஒருவர், மயக்க மருந்துக்கு ஒருவர், தியேட்டர் ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர். மூவரையும் ஒரே மருத்துவமனையிலிருந்து, ஒரே காலத்தில், ஒரே பயிற்சி மையத்துக்கு அனுப்புங்கள். திரும்பி வரும் பணி ஆணையில் மூவர் பெயரும் ஒன்றாக இருக்கட்டும். இடமாற்றம் வந்தால் சேர்ந்தே வரட்டும். நடைமுறைக்கு ஒத்துவராது என்று நிர்வாகத்தில் சொல்வார்கள். ஒற்றை ஆளுக்குப் பல மாதம் செலவழித்து, அவரைக் காய்ச்சல் ஓ.பி.யில் உட்கார வைப்பது மட்டும் எப்படி ஒத்துவருகிறதோ தெரியவில்லை.

யார் தங்குவார் என்பதையும் பாருங்கள். மொசாம்பிக்கில் பயிற்சி முடித்து ஏழு ஆண்டுகள் கழித்துக் கணக்கெடுத்தபோது, அறுவை கற்ற பணியாளர்களில் 88 சதவீதம் பேர் இன்னும் மாவட்ட மருத்துவமனைகளிலேயே இருந்தார்கள். அங்கே பணியமர்த்தப்பட்ட மருத்துவர்களில் ஒருவர்கூட இல்லை. எம்பிபிஎஸ் மருத்துவர் மேற்படிப்புக்குப் போவது இயல்பு, அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பகுதியைச் சேர்ந்தவர், குடும்பம் அங்கே இருப்பவர், தானாக முன்வருபவர் ஆகியோருக்கு முன்னுரிமை கொடுக்கலாம். முதுநிலைச் சேர்க்கையில் கிராமப்புறச் சேவைக்குச் சலுகை உள்ள மாநிலங்களில் அதையும் சேர்த்துப் பேசுங்கள். ஆள் கிடைக்கவில்லை என்று யாரையாவது பிடித்து அனுப்பினால் அவர் சான்றிதழோடு திரும்புவார், அவ்வளவுதான்.

படி 4: தியேட்டருக்கு வெளியே கையைப் பழக்குவது

முதல் இரண்டு வாரம் நோயாளியின் மேல் கத்தி வைக்கவே வேண்டாம். மேசைக் காலில் நூலைக் கட்டி முடிச்சுப் போடட்டும். இரண்டு கையால், ஒரு கையால், அப்புறம் கிளவுஸ் போட்டு, அப்புறம் கிளவுஸில் எண்ணெய் தடவிக்கொண்டு. ரத்தத்தில் நனைந்த நூல் எப்படி வழுக்கும் என்பது எண்ணெயில் தெரிந்துவிடும். கறிக்கடையில் ஆட்டுக்குடல் வாங்கி வந்தால் குடல் தையல் பழக அதைவிட நல்ல மாதிரி கிடையாது. கர்ப்பப்பைக்குத் தடித்த ஸ்பான்ஜைத் துணியில் சுற்றித் தைத்துக்கொள்ளலாம். இரண்டு ஓரத்தையும் தாண்டித் தையல் தொடங்க வேண்டும், மூலையில் ரத்தம் கசியக்கூடாது என்பதை அதிலேயே காட்டிவிடலாம்.

இந்தக் கட்டத்தில் கட்டாயம் செய்து பார்க்க வேண்டிய ஒன்று ஆணுறை பலூன். டாக்காவைச் சேர்ந்த மகப்பேறு மருத்துவர் சயேபா அக்தர் 2003-ல் வெளியிட்ட முறை இது. ஃபோலி கதீட்டர் எனும் சிறுநீர்க் குழாயின் நுனியில் ஆணுறையை மாட்டி, அதன் வாயை நூலால் இறுக்கிக் கட்டுவார்கள். காற்றும் நீரும் கசியாத அளவுக்கு இறுக்க வேண்டும், ஆனால் கதீட்டர் துளை அடைபடக்கூடாது. இந்த இரண்டும் சேர்ந்து அமைய ஐந்தாறு தடவை ஆகும். கர்ப்பப்பைக்குள் வைத்து டிரிப் செட் வழியாக 250 முதல் 500 மில்லி சலைன் ஏற்றினால், பலூன் உள்ளிருந்து அழுத்தி ரத்தத்தை நிறுத்தும். ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைக் கர்ப்பப்பையாக வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஆரம்பம் முதல் முடிவு வரை செய்யட்டும். ஆணுறை, கதீட்டர், நூல், சலைன், டிரிப் செட் ஐந்தும் ஒரே டப்பாவில் லேபர் வார்டில் எப்போதும் இருக்க வேண்டும் என்பது அப்போது அவர்களுக்கே புரியும். கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்சிடோசினும், ரத்தப்போக்கைக் குறைக்க பிரசவமான மூன்று மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஒரு கிராம் டிரானெக்ஸாமிக் ஆசிடும் இதற்கு முன்பே போயிருக்க வேண்டும். பலூன் அவற்றுக்குப் பதில் கிடையாது.

படி 5: தியேட்டருக்குள், பின்னாலிருந்து முன்னால்

சிசேரியனை முழுதாக ஒருவர் கையில் கொடுக்காதீர்கள். துண்டு துண்டாக, கடைசித் துண்டிலிருந்து கொடுங்கள். முதலில் தோல் தையல். அது சரியாக வந்ததும் அதற்கு முந்தைய, வயிற்றுத் தசையை மூடும் உறை. பிறகு கர்ப்பப்பைத் தையல். மூடத் தெரிந்தவருக்குத்தான் திறக்கும் உரிமை. வயிற்றைத் திறப்பது, சிறுநீர்ப்பையை இறக்குவது, கர்ப்பப்பையைக் கீறிக் குழந்தையை எடுப்பது ஆகியவை கடைசியில் வரட்டும். இப்படிச் செய்தால், தானே குழந்தையை எடுக்கும் நாளில் அடுத்து வரும் எதுவும் அவருக்குப் புதிதாக இருக்காது. மூத்தவரும் ஒரு மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்காது.

மேற்பார்வையை இப்படிப் படிப்படியாகத் தளர்த்துங்கள்: மூத்தவர் எதிரே கிளவுஸ் போட்டு நிற்பது, அப்புறம் தியேட்டருக்குள் கிளவுஸ் இல்லாமல் நிற்பது, அப்புறம் கட்டடத்துக்குள் இருப்பது, கடைசியாகப் போனில் கிடைப்பது. ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததுக்கு எண்ணிக்கையை மட்டும் வைத்துத் தள்ளிவிடாதீர்கள். லாக் புக்கில் முப்பது கேஸ் இருக்கும், எல்லாம் முதல் பிரசவம், பகல் நேரம், எளிதானவை. அதோடு இரவில் வந்த ஒன்று, பழைய தழும்புள்ள ஒன்று, குழந்தையின் புட்டம் கீழே இருந்த ஒன்று, தலை ஆழமாக இறங்கிச் சிக்கிய ஒன்று என்று வகையும் நிறைய வேண்டும்.

அந்தக் கடைசி வகை பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் தூரத்திலிருந்து தாமதமாக வரும் தாய்மார்களிடம் அதுதான் அதிகம். பல மணி நேரம் முக்கி, தலை இடுப்பெலும்புக்குள் ஆப்படித்தது போல உட்கார்ந்திருக்கும். கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி காகிதம் மாதிரி மெலிந்து நீண்டிருக்கும். வழக்கமான இடத்தில் கீறினால் யோனிக்குள்ளேயே போய்விடலாம், அதனால் கீறலைச் சற்று மேலே வைக்கச் சொல்லிக்கொடுங்கள். அப்புறம் கை. அவசரத்தில் கையைத் திணித்து மணிக்கட்டை மடக்கி நெம்பினால், கீறல் பக்கவாட்டில் கிழிந்து கர்ப்பப்பைத் தமனி வரை போகும். கர்ப்பப்பை சுருங்கும்போது கையை அசைக்கக்கூடாது. அது தளரும்வரை காத்திருந்து, விரல்களைத் தலைக்குக் கீழே மெதுவாக நுழைத்து, தலையை மடக்கி, மணிக்கட்டை நேராக வைத்து மேல்நோக்கித் தூக்க வேண்டும். வரவில்லையா? கீழே ஒரு உதவியாளர் விரித்த விரல்களால் தலையை மேலே தள்ளட்டும். அதுவும் முடியாவிட்டால் கர்ப்பப்பையின் மேல்பகுதிக்குக் கையைக் கொண்டுபோய்க் காலைப் பிடித்து, குழந்தையைத் திருப்பி எடுக்கும் முறை இருக்கிறது. இந்த மூன்றையும், எந்த வரிசையில், யார் என்ன சொன்னால் யார் என்ன செய்வது என்று, வெட்டும் முன்பே தியேட்டரில் எல்லோரும் கேட்கச் சத்தமாகப் பேசிவிட வேண்டும். இதைத் துணி பொம்மையையும் இடுப்பெலும்பு மாதிரியையும் வைத்து எத்தனை முறை வேண்டுமானாலும் ஒத்திகை பார்க்கலாம்.

இன்னொன்று. அவசர அறுவையை அவசரக் கேஸிலேயே கற்றுக்கொடுக்க முடியாது. அது இரவில் வரும். மூத்தவர் அவசரத்தில் இருப்பார், கற்பவர் காயத்தை விரிக்கும் ரிட்ராக்டரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். திட்டமிட்ட சிசேரியனும் குடலிறக்கமும்தான் வகுப்பறை. குடலிறக்கத்தை முன்கூட்டியே செய்தால் நெரிந்துபோய் வரும் கேஸும் குறையும். விலையும் தடையாக இருக்க வேண்டியதில்லை. மகாராஷ்டிரத்தின் தொண்டைச்சாவில் டாக்டர் ரவீந்திரநாத் தொங்காவ்கர் கொசுவலைத் துணியைக் கிருமிநீக்கி, குடலிறக்கத்தில் தளர்ந்த வயிற்றுச் சுவரைத் தாங்க வைக்கும் வலையாக வைத்துக் காட்டினார். உகாண்டாவில் 302 ஆண்களிடம் நடந்து 2016-ல் வெளியான ஆய்வில், மலிவு வலைக்கும் கம்பெனி வலைக்கும் ஓராண்டு கழித்துக் குறிப்பிடத்தக்க வித்தியாசமில்லை. அறுத்தவர் யார் என்ற கேள்விக்கும் விடை இருக்கிறது. சியரா லியோனில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்களையும் மருத்துவர்களையும் குடலிறக்க அறுவையில் ஒப்பிட்ட ஆய்வு 2021-ல் வந்தது. பணியாளர்கள் மருத்துவர்களுக்குச் சளைக்கவில்லை.

படி 6: எப்போது வெட்டக்கூடாது

கை பழகிய முதல் ஆண்டில் எல்லாமே சிசேரியனாகத் தெரியும். பிரசவ முன்னேற்றத்தைக் குறிக்கும் பார்டோகிராஃப் எழுதாமல் "முன்னேற்றம் இல்லை" என்று எழுதுவார்கள். பயிற்சிக் காலத்திலேயே ஒவ்வொரு சிசேரியனையும் ராப்சனின் பத்துப் பிரிவுகளில் (பிரசவங்களை வகைப்படுத்தும் முறை) எதில் வரும் என்று எழுதப் பழக்குங்கள். முதல் பிரசவம், தானாக வலி வந்தது, தலை கீழே, மாதம் முழுமை என்ற பிரிவில் சிசேரியன் ஏறிக்கொண்டே போனால் அடுத்த கூட்டத்தில் உட்கார்ந்து பேச வேண்டும். ஒரு நாட்டின் மொத்தப் பிரசவங்களில் சிசேரியன் 10 சதவீதத்தைத் தாண்டிப் போவதால் தாய், சேய் இறப்பு மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. ஒரு மருத்துவமனைக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்த முடியாது. கேள்வி கேட்க உதவும்.

வயிற்றுக் கேஸில் முதல் வேலை டிரிப், மூக்குக் குழாய், சிறுநீர் கதீட்டர், ஆன்டிபயாடிக். இவற்றைப் போட்டுவிட்டு அனுப்பினாலே பாதி சிகிச்சை முடிந்த நிலையில்தான் நோயாளி போவார். திறந்த பிறகு கைமீறுகிறது என்று தெரிந்தால், ரத்தம் வரும் இடத்தில் மாப்பை (உறிஞ்சும் துணித் திண்டு) அழுத்தி அடைத்து, எத்தனை வைத்தோம் என்று எழுதி, வயிற்றைத் தற்காலிகமாக மூடி 108-ல் ஏற்றலாம். இது தோல்வி என்று யாரும் சொல்லக்கூடாது. கற்க வேண்டிய அறுவை சிகிச்சைகளில் அதுவும் ஒன்று.

படி 7: தலைமாட்டில் நிற்பவர்

அறுப்பவரே ஸ்பைனலும் (முதுகில் ஊசி போட்டுக் கீழ்ப்பாதியை மரக்கச் செய்வது) கொடுத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வருவது சில இடங்களில் இன்றும் நடக்கிறது. அதை அனுமதிக்காதீர்கள். தலைமாட்டில் நிற்பவருக்கு அந்த நேரத்தில் வேறு வேலை இருக்கக்கூடாது. குழந்தையைப் பார்க்க மூன்றாவது ஆள் வேண்டும்.

ஸ்பைனல் கொடுத்ததும் பி.பி. இறங்கும் என்பதை எதிர்பார்த்தே இருக்க வேண்டும். வலது இடுப்புக்குக் கீழே மடித்த துணி, ஓடும் டிரிப், பி.பி.யை ஏற்ற சிரிஞ்சில் தயாராக எஃபெட்ரின் அல்லது ஃபெனைலெஃப்ரின். ஸ்பிரிட் பஞ்சை மார்பு வரை தொட்டுக்கொண்டே போய் "குளிருதாம்மா?" என்று கேட்டு, மரத்த உயரம் தெரிந்த பிறகே கத்தி. ரத்தம் நிறையப் போனவருக்கும் அதிர்ச்சியில் இருப்பவருக்கும் ஸ்பைனல் ஆபத்து, அங்கேதான் கெட்டமின் என்ற மயக்க மருந்து. ஸ்பைனல் மிக மேலே ஏறி மூச்சு நின்றால் என்ன செய்வது என்ற ஒத்திகை மாதம் ஒருமுறை நடக்கட்டும்.

படி 8: சரிபார்ப்புப் பட்டியலும் இரவுக் கண்காணிப்பும்

உலக சுகாதார நிறுவனம் 2008-ல் கொண்டுவந்த அறுவைப் பாதுகாப்புப் பட்டியலை எட்டு நகரங்களில் சோதித்தார்கள். டெல்லியும் தான்சானியாவின் இஃபகாராவும் அவற்றில் உண்டு. இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. மயக்கத்துக்கு முன், கீறலுக்கு முன், தியேட்டரை விட்டு வெளியேறும் முன் என்று மூன்று நிறுத்தங்கள். கேஸ் ஷீட்டில் பிறகு உட்கார்ந்து டிக் போடுவது பயனில்லை. ஸ்டாஃப் நர்ஸ் சத்தமாக வாசிக்க, டாக்டர் பதில் சொல்ல வேண்டும். "மாப் கணக்குச் சரியில்லை, மூடாதீங்க சார்" என்று நர்ஸ் சொல்லும் துணிச்சல் பயிற்சிக் காலத்திலேயே வர வேண்டும். அதனால்தான் அவரையும் சேர்த்து அனுப்பச் சொன்னேன்.

அறுவை முடிந்த பின் முதல் இரண்டு மணி நேரம், கால் மணிக்கு ஒருமுறை நாடி, பி.பி., கர்ப்பப்பை இறுக்கம், நாப்கினில் ரத்தம். இதை யார் பார்ப்பார் என்று பெயரோடு எழுதுங்கள்.

படி 9: காகிதம்

எந்தெந்த அறுவை சிகிச்சைகளைச் செய்ய இவருக்கு அனுமதி என்று பெயர் சொல்லி எழுதிய ஆணை வேண்டும். சம்மதப் படிவம் நோயாளியின் மொழியில் இருக்க வேண்டும். மருத்துவமனையின் காப்பீடு இந்த வேலைக்கும் பொருந்துமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஏதாவது நடந்தால் நிர்வாகம் பின்னால் நிற்குமா என்ற சந்தேகம் இருந்தால், எவ்வளவு பயிற்சி பெற்றவரும் ரெஃபர் சீட்டைத்தான் எடுப்பார்.

படி 10: திரும்பிப் போன பிறகு

முதல் சில மாதம் மூத்தவர் ஒருவரின் எண் இரவிலும் எடுக்கப்பட வேண்டும். அந்த மூத்தவருக்கு அது வேலை நேரமாகக் கணக்கிடப்பட வேண்டும், நல்ல மனசை நம்பி விடக்கூடாது. முடிந்தால் தொடக்கத்தில் ஒரு வாரம் அவரே ஊருக்கு வந்து, அந்தத் தியேட்டரிலேயே கூட நிற்கட்டும். பெரிய மருத்துவமனையில் கற்றது சிறிய இடத்தில் எங்கே உடைகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

மாதம் ஒருமுறை எல்லாக் கேஸ்களையும் மேசையில் வைத்துப் பேசுங்கள். இறப்புகளையும் காயம் சீழ் பிடித்தவற்றையும் மட்டுமல்ல, ரெஃபர் செய்தவற்றையும் சேர்த்துத்தான். முடிவெடுத்த நிமிடத்திலிருந்து குழந்தை வெளியே வரும்வரை எவ்வளவு நேரம் ஆனது, அது எங்கே போனது என்று எழுதுங்கள். பெரும்பாலும் கத்தியில் போயிருக்காது. மயக்க மருந்து ஆளை அழைத்து வரப் போன வண்டியிலோ பூட்டியிருந்த ரத்த அறையிலோ போயிருக்கும்.

கேஸ் குறைவான ஊரில் கை மறந்துபோகும். மாதம் இரண்டு மூன்று சிசேரியன்கூட வராத இடம் என்றால், குழுவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு வாரம் மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பி அங்கே கேஸ் போட வைக்க வேண்டும். அந்த வாரத்துக்கு மாற்று ஆள் யார் என்பதையும், பயணப்படி எந்தக் கணக்கில் வரும் என்பதையும் முதல் பணி ஆணையிலேயே எழுதிவிடுங்கள். பின்னால் கேட்டால் கிடைக்காது.